சோடியம் மின்கலம்: ஆய்வுக் கூடத்திலிருந்து ஆலைக்கு

(பெங்களூர் மர்பி டவுனில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் ஆகியோரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

பெங்களூர் நகரத்தின் தெருக்களில் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. காவிரி ஆறு பாய்ந்து விழும் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1902இல், கோலார் தங்க வயலைச் சென்றடைந்திருந்தது. அன்று முதல் இன்று வரை மின்சாரத்தின் இயல்பு ஒன்று மாறவில்லை. அது உண்டாகும் கணத்திலேயே செலவாக வேண்டும். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க இயலாது. நீர்மின் நிலையத்தில் மதகைத் திறந்தும் மூடியும், அனல்மின் நிலையத்தில் நிலக்கரியைக் கூட்டியும் குறைத்தும் இக்குறை சமாளிக்கப்பட்டு வந்தது. கதிரவனின் ஒளியையோ காற்றின் வேகத்தையோ அவ்வாறு கூட்டவும் குறைக்கவும் எவராலும் இயலாது.

கர்நாடக மாநிலத்தின் தும்கூர் மாவட்டத்தில், பாவகடையில் அமைந்துள்ள சூரிய மின் பூங்கா 2,050 மெகாவாட் திறன் கொண்டது. நண்பகலில் அது தரும் மின்சாரம் மாலை ஏழு மணிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் வீடுகளில் விளக்கெரிவதும், உணவு சமைப்பதும், பிள்ளைகள் படிப்பதும் அந்த மாலை வேளையில்தான். பகலின் மிகுதியை மாலையின் தேவைக்குக் கொண்டு சேர்க்கும் சாதனம் பெரும் அளவிலும் மலிவான விலையிலும் கிடைத்தாலன்றிச் சூரிய மின்சாரத்தின் முழுப் பயனை மக்கள் பெறுதல் அரிது. அச்சாதனம் மின்கலமே.

அல்சூர் ஏரிக்கு அண்மையில், பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அமைந்துள்ள மர்பி டவுனில் தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய பகுதிகளில் பாட்டரி என்ற சொல் எவருக்கும் புதிதன்று. மின்தடையின் போது விசிறி சுழல்வதும், கடையில் விளக்கெரிவதும், ஆட்டோ புறப்படுவதும் அதன் துணையினால்தான். பாட்டரி விலை ஏறினால் ஓட்டுநரின் வருவாய் குறைகிறது. அது விரைவில் பழுதுற்றால் சிறு வணிகரின் முதல் கரைகிறது. எனவே மின்கலத்தினுள் எந்தப் பொருளை வைப்பது என்னும் வினா விஞ்ஞானிகளுடைய வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது வீட்டுச் செலவையும் நாட்டின் அந்நியச் செலாவணியையும் ஒருங்கே தொடும் வினாவாகும்.

மின்கலம் இயங்கும் வகை

லிதியம் அயனி மின்கலமும் சோடியம் அயனி மின்கலமும் இயங்கும் தத்துவம் ஒன்றே. இரு மின்வாய்கள், அவற்றிற்கிடையே அயனிகள் செல்ல இடந்தரும் மின்பகுளி. இரு மின்வாய்களையும் எதிரெதிரே நிற்கும் இரு களஞ்சியங்களாகக் கொள்ளலாம். மின்கலத்திற்கு மின்னேற்றும் போது அயனிகள் நேர்மின்வாயை விட்டு நீங்கி, மின்பகுளியின் வழியே எதிர்மின்வாயைச் சென்றடைந்து அங்கு தங்குகின்றன. பயன்படுத்தும் போது அவை வந்த வழியே திரும்புகின்றன. அயனிகள் உள்வழியே செல்லும் அதே நேரத்தில் எலெக்ட்ரான்கள் வெளிக் கம்பி வழியே செல்கின்றன. அந்த ஓட்டமே விளக்கை எரிக்கிறது, சக்கரத்தைச் சுழற்றுகிறது.

ஒரு மின்வாய்ப் பொருளின் தகுதியை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடலாம். ஒரு கிராம் பொருள் எத்தனை அயனிகளுக்கு இடந்தரும் என்பது முதலாவது. எத்தனை வோல்ட் அழுத்தத்தில் அது செயற்படும் என்பது இரண்டாவது. ஆயிரக்கணக்கான முறை அயனிகள் புகுந்து வெளியேறினாலும் அதன் கட்டமைப்பு குலையாமல் நிற்குமா என்பது மூன்றாவது. அப்பொருள் என்ன விலைக்கு, எந்த நாட்டிலிருந்து கிடைக்கும் என்பது நான்காவது. முதல் மூன்றையும் ஆய்வுக் கூடம் தீர்மானிக்கிறது. நான்காவதைச் சந்தையும் நாடுகளுக்கிடையேயான உறவுகளும் தீர்மானிக்கின்றன. மின்வாய் ஆய்வின் வரலாறு முழுவதும் இந்த நான்கையும் ஒரே பொருளில் பெற முயன்ற வரலாறேயாகும்.

லிதியம் வந்த வழி

டைட்டானியம் சல்பைடு என்னும் அடுக்குப் பொருளினுள் லிதியம் புகுந்து வெளிவரும் என்பதை 1976இல் ஸ்டான்லி விட்டிங்காம் எடுத்துக் காட்டினார். 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃபும் அவருடைய குழுவினரும் லிதியம் கோபால்ட் ஆக்சைடு நான்கு வோல்ட்டளவு அழுத்தம் தரவல்லது எனக் கண்டனர். 1985இல் ஜப்பானில் அகிரா யோஷினோ அதனோடு கரிப்பொருளாலான எதிர்மின்வாயை இணைத்தார். 1991இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மேற்கூறிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில், முதுமையுற்றிருந்த குடினஃபின் சார்பில் நோபெல் உரையை நிகழ்த்தியவர் அருமுகம் மந்திரம் என்பது தமிழ் மாணவர்கள் அறிந்து மகிழத் தக்க செய்தியாகும்.

தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த மந்திரம், மதுரையில் பட்டம் பெற்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் ஆய்வை முடித்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். 1985இல் குடினஃபின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, அடுத்த ஆண்டில் அவருடன் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கு அவர்கள் இருவரும் செய்த பணி இவ்வுரையின் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. இரும்பு ஆக்சைடை மின்வாயாகக் கொண்டால் லிதியத்திற்கு எதிராகக் கிடைக்கும் அழுத்தம் இரண்டரை வோல்ட்டுக்கும் குறைவு. அதே இரும்பு, சல்பேட் தொகுதியோடு இணைந்திருக்கும் போது 3.6 வோல்ட் தருகிறது. இரும்பு மாறவில்லை, அதன் அண்டை அயலார் மாறினர். கந்தகமும் ஆக்சிஜனும் தமக்குள் இறுகப் பிணைந்து கொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையேயான பிணைப்பு தளர்கிறது, அழுத்தம் உயர்கிறது. மலிவான இரும்பைக் கொண்டும் பயனுள்ள மின்வாய் செய்யலாம் என்பதற்கு 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்த ஆய்வுகள் வழிகாட்டின.

அவ்வழியில் 1997இல் லிதியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதிய மூவருள் குடினஃப் தவிர்த்த இருவரும், அதாவது பாதியும் நஞ்சுண்டசாமியும், இந்தியர்கள். 2024ஆம் ஆண்டில் உலகில் விற்பனையான மின்சார ஊர்திகளின் பாட்டரித் திறனில் ஏறத்தாழப் பாதி இப்பொருளால் ஆனதே. அதனைப் பெரும் அளவில் உற்பத்தி செய்து பயன் பெற்ற நாடு சீனா.

சோடியத்தின்பால் நாட்டம்

பூமியின் மேலோட்டில் சோடியம் இரண்டு சதவீதத்திற்கும் மிகுதியாக உள்ளது. லிதியமோ பத்து லட்சத்தில் ஏறத்தாழ இருபது பங்கே உள்ளது. ஒரு லிட்டர் கடல் நீரில் 10 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. குஜராத்தின் கடற்கரையிலும், தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களிலும் விளையும் உப்பினால் இந்தியா உலகின் பெரும் உப்பு உற்பத்தி நாடுகளுள் ஒன்றாகத் திகழ்கிறது. லிதியத்திற்கு நம் நாடு பிற நாடுகளையே எதிர்நோக்கி வந்துள்ளது. வெளிநாடுகளில் கனிமச் சொத்துகளைப் பெறுவதற்கென 2019இல் காபில் என்னும் பொதுத்துறைக் கூட்டு நிறுவனம் அமைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாநிலத்தில் ஐந்து லிதியம் வயல்களை ஆய்வதற்கு உடன்படிக்கை செய்து கொண்டது. ஜம்முவின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லிதியக் கனிமம் இருக்கக்கூடும் என இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அது தொடக்க நிலை மதிப்பீடு. கனிமம் இருத்தல் வேறு. அதிலிருந்து லிதியத்தைக் கட்டுபடியான செலவில் பிரித்தெடுத்தல் வேறு.

சோடியத்தினால் வேறொரு நன்மையும் உண்டு. லிதியம் மின்கலத்தின் எதிர்மின்வாயை ஒரு செம்புத் தகட்டின் மேல் பூச வேண்டியுள்ளது. அலுமினியம் லிதியத்தோடு கலந்து உலோகக் கலவையாகி விடுவதே அதன் காரணம். சோடியம் அவ்வாறு கலப்பதில்லை. ஆகவே இரு பக்கங்களிலும் எடை குறைந்த, விலை மலிந்த அலுமினியத் தகட்டையே பயன்படுத்தலாம். மின்னழுத்தம் முழுவதையும் வடித்துவிட்டுப் பாதுகாப்பாக ஊர் விட்டு ஊர் எடுத்துச் செல்லவும் இது வழி செய்கிறது.

குறைகளையும் கூறுதல் வேண்டும். சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், லிதியத்தினுடையது 0.76. அணு எடை 23, லிதியத்திற்கு ஏழு. பருத்த அயனி புகும் போதும் வெளியேறும் போதும் மின்வாயின் கட்டமைப்பு விரிந்து சுருங்கி நைந்து போகிறது. லிதியத்திற்கு நன்கு இடந்தரும் கிராஃபைட் சோடியத்திற்கு இடந்தர மறுக்கிறது. ஆகவே எதிர்மின்வாய்க்கு வன்கரி என்னும் ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட கரி தேவைப்படுகிறது. கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் ஆகிய இருவர் 2000ஆம் ஆண்டில் இதன் பயனை எடுத்துக் காட்டினர். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் வன்கரி தயாரிக்க முடியும். பொள்ளாச்சி, காங்கேயம் வட்டாரங்களில் சிரட்டைக் கரித் தொழில் முன்பே வேரூன்றியுள்ளமை இங்கு நினைவிற் கொள்ளத் தக்கது.

பெங்களூரில் நிகழ்ந்த பணி

பருத்த அயனி புழங்க வேண்டுமாயின் அகன்ற வழிகள் கொண்ட, அசையாத கட்டமைப்பு தேவை. ஆயிரங்கால் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம் வந்து போகிறது, தூண்கள் அசைவதில்லை. இத்தகைய கட்டமைப்பை உடைய பொருள் வகை ஒன்று 1976இல் ஹாங், குடினஃப் முதலியோரால் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதற்கு நாசிகான் என்று பெயர். பாஸ்பேட் தொகுதிகளும் உலோக அணுக்களைச் சூழ்ந்த ஆக்சிஜன் தொகுதிகளும் மூலையோடு மூலை இணைந்து நிற்க, அவற்றிற்கிடையே உள்ள சுரங்க வழிகளில் சோடியம் அயனிகள் விரைந்து செல்கின்றன.

அதே 1976ஆம் ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆர். ராவ் அவர்களின் முயற்சியால் திண்ம நிலை, கட்டமைப்பு வேதியியல் பிரிவு தொடங்கப் பெற்றது. அப்பிரிவில் பணியாற்றிய ஜே. கோபாலகிருஷ்ணனும் அவருடைய சக ஆய்வாளரும் சோடியம் வனேடியம் பாஸ்பேட் என்னும் நாசிகான் வகைப் பொருளை எடுத்துக் கொண்டு, குளோரினின் துணையால் அதிலிருந்த சோடியத்தை வெளியேற்றினர். சோடியம் நீங்கிய பின்னும் கட்டமைப்பு குலையாமல் நின்றது. இவ்வாய்வு 1992இல் வெளியாயிற்று. மின்கலத்தின் நேர்மின்வாயில் மின்னேற்றத்தின் போது நிகழ்வது இதுவே. குளோரின் செய்த வேலையை அங்கு மின்சாரம் செய்கிறது. அவ்வாறாயினும் அன்று நாட்டில் எந்தத் தொழிலகமும் அதனை மின்கலமாக்க முன்வரவில்லை. சந்தையில் லிதியம் மின்கலம் அப்பொழுதுதான் காலடி வைத்திருந்தது. சோடியம் மின்கலம் வேண்டுமென்று கேட்பார் எவருமில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2002இல், ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே பொருளைச் சோடியம் மின்கலத்தின் மின்வாயாக ஆய்ந்தனர். 2012இல் சீன ஆய்வாளர்கள் அதன் துகள்களுக்குக் கரிப் பூச்சிட்டு அதன் செயல் திறனை உயர்த்தினர். இப்பொருளுக்கு உறவான, ஃபுளோரின் சேர்ந்த பாஸ்பேட் ஒன்றைக் கொண்டு பிரான்சின் அமியான் நகரில் 2017இல் தியாமத் என்னும் நிறுவனம் தோன்றியது. அதன் மின்கலம் பொருத்திய திருகுக் கருவி 2023இல் அந்நாட்டுக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

நகரின் வடக்கே ஜக்கூரில் 1989இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையம் இப்பணியை இன்று தொடர்ந்து வருகிறது. அங்கு ஆய்வுக் குழுவை நடத்தி வரும் பிரேம்குமார் செங்குட்டுவன், பிரான்சில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், சோடியம் டைட்டனேட் மிகக் குறைந்த அழுத்தத்தில் சோடியத்தை ஏற்கும் என 2011இல் எடுத்துக் காட்டிய குழுவில் இடம் பெற்றவர். பெங்களூரில் அவருடைய குழு நாசிகான் வகை நேர்மின்வாய்களில் விலை மிகுந்த வனேடியத்தின் ஒரு பகுதியை நீக்கி மாங்கனீசைப் புகுத்தும் முயற்சியில் ஈடுபட்டது. 2025 மே மாதத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட செய்தியின்படி, அவரும் ஆய்வு மாணவர் பிப்லப் பாத்ராவும் உருவாக்கிய சோடியம் மின்கலம் ஆறே நிமிடங்களில் 80 சதவீத மின்னேற்றம் பெறுகிறது. 3,000 முறைகளுக்கு மேல் மின்னேற்றி இறக்கினாலும் தாங்குகிறது. எதிர்மின்வாய்ப் பொருளின் துகள்களை மிக நுண்ணியவையாக்குதல், அவற்றைக் கரிப் படலத்தால் போர்த்துதல், சிறிதளவு அலுமினியம் சேர்த்தல் ஆகிய மூன்றே இவ்வெற்றியின் அடிப்படை. நுண்துகளில் அயனி கடக்க வேண்டிய தொலைவு குறைகிறது. கரிப் படலம் எலெக்ட்ரானுக்குப் பாதை அமைக்கிறது. அலுமினியம் பொருளின் செயல் திறனைக் கூட்டுகிறது.

இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றும் பிரபீர் பர்பாண்டா, முன்னர் ஜப்பானில் யமாதாவின் குழுவில் இருந்த போது, சோடியம் இரும்பு சல்பேட் ஒன்று 3.8 வோல்ட் தருவதைக் கண்டறிந்து 2014இல் வெளியிட்டார். உப்பு, இரும்பு, கந்தகம் என்னும் மலிவான மூன்று பொருள்களிலிருந்து அவ்வளவு அழுத்தம் கிடைப்பது சிறப்பே. எனினும் இவ்வகைச் சல்பேட்டுகள் காற்றின் ஈரத்தைத் தாங்குவதில்லை. ஆகவே உலர்ந்த சூழலில் அவற்றைக் கையாளும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விலைக் கணக்கு

ஆய்வுக் கூடத்தின் வெற்றி சந்தையின் வெற்றியாக மாறுமா என்பதை உணர்ச்சி வயப்படாமல் ஆராய்தல் நலம். ஒரு கிலோவாட் மணி திறனுள்ள லிதியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு ஏறத்தாழ 600 கிராம் லிதியம் கார்பனேட் தேவை. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு ஏறத்தாழ 6 லட்சம் யுவானை எட்டியது. அவ்விலையில் ஒரு கிலோவாட் மணிக்கு லிதியச் செலவு மட்டும் 360 யுவான். சோடியத்தின்பால் உலகம் திரும்பியதற்கு இதுவே பெருங்காரணம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் அதே சரக்கின் விலை 80 ஆயிரம் யுவானுக்கும் கீழே இறங்கியது. லிதியச் செலவு 48 யுவானுக்கும் குறைவாயிற்று. ஈராண்டுகளில் சோடியத்தின் விலைச் சலுகையில் பெரும்பகுதி மறைந்து போயிற்று.

இதன் விளைவு கண்கூடு. அமெரிக்காவில் சோடியம் மின்கலம் செய்து வந்த நேட்ரான் நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் பணிகளை நிறுத்தியது. அதே வேளையில் சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம், 2021இல் கிலோவுக்கு 160 வாட் மணி என்ற அளவில் அறிமுகம் செய்த சோடியம் மின்கலத்தை 2025 ஏப்ரலில் 175 வாட் மணிக்கு உயர்த்தி அறிவித்தது. அந்நாட்டின் ஹூபெய் மாநிலத்தில் 100 மெகாவாட் மணி திறனுள்ள சோடியம் மின்சேமிப்பு நிலையம் 2024இல் இயங்கத் தொடங்கியது. விலை வீழ்ந்த காலத்திலும் முயற்சியைக் கைவிடாதோர் முன்னேறுகின்றனர். உடனடி இலாபத்தை மட்டுமே நம்பியோர் விலகுகின்றனர்.

இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. சோடியம் மலிவு என்பதனால் சோடியம் மின்கலம் முழுவதும் மலிவாகிவிடாது. பெங்களூரில் உருவான விரைவு மின்னேற்ற மின்கலத்தின் எதிர்மின்வாயில் வனேடியமும் நையோபியமும் உள்ளன. உலகின் நையோபியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு பிரேசில் நாட்டிலிருந்து வருகிறது. ஒரு நாட்டைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபட்டு வேறொரு நாட்டைச் சார்ந்து நின்றால் தன்னிறைவு எய்தியதாகாது. ஆகவே இரும்பு, மாங்கனீசு, கரி ஆகியவற்றைக் கொண்ட மின்வாய்களின் ஆய்வுக்கு நாட்டின் தேவை கருதி முதலிடம் அளித்தல் பொருந்தும். நையோபியம் சேர்ந்த மின்வாய்களைச் சில நிமிடங்களில் மின்னேற்றம் பெற்றே தீர வேண்டிய பணிகளுக்கு ஒதுக்கிக் கொள்ளலாம்.

இடைவெளி

ஆய்வுக் கூடத்தில் சோதிக்கப்படும் பொத்தான் அளவு மின்கலத்தில் சில மில்லிகிராம் மின்வாய்ப் பொருளே உள்ளது. 3 கிலோவாட் மணி திறனுள்ள ஓர் இருசக்கர ஊர்திக்குச் சோடியம் வனேடியம் பாஸ்பேட் ஏறத்தாழ 8 கிலோ வேண்டும். ஒரே ஒரு வண்டிக்கே ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு! மில்லிகிராமில் ஒரே சீராக வந்த பொருள் டன் கணக்கில் செய்யும் போது அவ்வாறே வருவதில்லை. துகளின் அளவு மாறுகிறது, கரிப் பூச்சு சில இடங்களில் மெலிகிறது, ஈரம் புகுகிறது. இவற்றைச் சீர்செய்யக் கிலோ கணக்கில் பொருள் செய்து பார்க்கும் முன்னோடி ஆலையும், ஈரமற்ற அறைகளும், பல மாதங்கள் இரவு பகலாக மின்னேற்றி இறக்கும் சோதனைக் கருவிகளும் தேவை. இந்த நடுக் கட்டத்திற்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மானியம் போதாது. இலாபம் உறுதியாகாத நிலையில் தொழிலதிபரும் முதல் போடத் தயங்குகிறார். 1992ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு நின்று போன இடமும் இதுவேயாகும்.

இவ்விடைவெளியை இட்டு நிரப்பும் மரபு தமிழ்நாட்டில் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஆய்வையும் தொழிலையும் இணைப்பதற்கென்றே தோன்றியது. லிதியம் அயனி மின்கலம் செய்யும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை ராசி என்னும் தனியார் நிறுவனத்திற்கு வழங்க 2018 ஜூனில் அது உடன்படிக்கை செய்து கொண்டது. அதே ஆண்டில் விண்வெளித் துறையின் லிதியம் மின்கலத் தொழில்நுட்பம் பாரத மிகுமின் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. புனேயில் கே.பி.ஐ.டி. நிறுவனம் அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சோடியம் மின்கலத் தொழில்நுட்பத்தை உருவாக்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. ரிலையன்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ஃபாரடியான் என்னும் சோடியம் மின்கல நிறுவனத்தை விலைக்கு வாங்கவிருப்பதாக 2021 டிசம்பர் இறுதியில் அறிவித்தது.

மத்திய அரசு 2021 மே மாதத்தில் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் தொகையுடன் 50 கிகாவாட் மணி மின்கல உற்பத்தித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மதிப்புக் கூட்டலில் 60 சதவீதம் ஐந்தாண்டுகளுக்குள் உள்நாட்டிலேயே நிகழ வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. மின்கலத்தின் விலையில் மிகப் பெரும் பங்கு நேர்மின்வாய்ப் பொருளுக்கே செல்கிறது. ஆகவே மின்வாய்ப் பொருளை இறக்குமதி செய்து இங்கு கலத்தை அடைத்து மூடுவதனால் மட்டும் அவ்விலக்கை எட்டுதல் கடினம். ஊக்கத் தொகை ஆலைக்குச் செல்கிறது. ஆனால் அதன் பயன் மின்வாய்ப் பொருள் பிறக்கும் ஆய்வுக் கூடத்தோடு பிணைந்துள்ளது. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய அரிய கனிம இயக்கமும் இப்பிணைப்பை வலுப்படுத்தினால்தான் முழுப் பயன் தரும்.

செய்யத் தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, சோடியத்தை லிதியத்தின் பகையாகக் கருத வேண்டியதில்லை. எடை குறைவாக இருக்க வேண்டிய ஊர்திகளுக்கும் கைக் கருவிகளுக்கும் லிதியம் பொருந்தும். ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் மின்சேமிப்பு நிலையங்களில் எடை ஒரு பொருட்டாவதில்லை. ஆயுளும் விலையுமே அங்கு முக்கியம். பாவகடை போன்ற இடங்களிலும், துணை மின் நிலையங்களிலும், குறைந்த தூரம் ஓடும் மூன்று சக்கர ஊர்திகளிலும் சோடியத்திற்கு இடமுண்டு. லிதியத்தின் விலை மீண்டும் ஏறுமாயின், கையில் ஆயத்தமாக உள்ள சோடியத் தொழில்நுட்பம் நாட்டிற்கு ஒரு காப்பீடாக அமையும். காப்பீட்டின் மதிப்பை விலை மலிந்த ஆண்டின் கணக்கை மட்டும் கொண்டு அளவிடலாகாது.

இரண்டாவதாக, முன்னோடி ஆலைகளும் பொதுச் சோதனை நிலையங்களும் அரசின் பொறுப்பாக அமைதல் வேண்டும். ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனித்தனியே உலர் அறை கட்டுவது வீண் செலவு. காரைக்குடி போன்ற நிலையங்களில் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஏற்பாடு இருக்குமானால், மில்லிகிராமிலிருந்து கிலோவுக்குச் செல்லும் வழி எளிதாகும். மின்வாரியங்கள் சிறு அளவிலேனும் உள்நாட்டுச் சோடியம் மின்கலங்களை வாங்கிப் பயன்படுத்திப் பார்க்க முன்வந்தால் முதலாவது சந்தையும் கிடைக்கும். தொடக்க ஆண்டுகளில் அவற்றின் விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். குறைந்த விலைப்புள்ளியையே ஏற்க வேண்டும் என்னும் கொள்முதல் விதி அத்தகைய முயற்சிக்கு இடந்தருமாறு அமைதல் அவசியம். கோப்பில் குறிப்பெழுதும் அலுவலர் ஒவ்வொருவரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, இத்துறைக்கு வேண்டிய ஆட்கள் முனைவர் பட்டம் பெற்றோர் மட்டுமல்லர். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர், பாலிடெக்னிக் மாணவர், வேதியியல் பட்டதாரி ஆகிய அனைவருக்கும் மின்வாய்ப் பூச்சு, உலர் அறைப் பராமரிப்பு, தரச் சோதனை முதலிய பணிகளில் இடமுண்டு. இந்திய விஞ்ஞானக் கழகமும் ஜக்கூர் மையமும் மர்பி டவுனிலிருந்து நகரப் பேருந்தில் சென்று சேரும் தொலைவிலேயே உள்ளன. ஆயினும் ஓர் ஏழை மாணவனுக்கு அவ்விடங்கள் வெகு தொலைவில் இருப்பன போன்றே தோன்றுகின்றன. அமராபுரத்திலிருந்து ஸ்டாக்ஹோம் வரை ஒருவர் சென்று சேர்ந்திருக்கையில், அல்சூரிலிருந்து ஜக்கூருக்குச் செல்லும் வழி அடைபட்டிருக்க நியாயமில்லை. அவ்வழியைத் திறந்து வைக்கும் கடமை பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அரசுக்கும் உரியது. அதில் நடந்து செல்லும் முயற்சி மாணவர்களுக்கு உரியது.

1992இல் பெங்களூரில் சோடியம் நீங்கிய பின்னும் குலையாமல் நின்ற ஒரு பொருள், மின்கலமாக மாறியது வேற்று நாடுகளில். 1997இல் இந்தியர் இருவர் பங்கேற்றுக் கண்ட பொருள், ஆலைகளில் பெருகியது வேறொரு நாட்டில். இப்பொழுது ஜக்கூரில் ஆறு நிமிடங்களில் மின்னேற்றம் பெறும் மின்கலம் உருவாகியுள்ளது. அது முப்பது ஆண்டுகளுக்குப் பின் இறக்குமதிப் பட்டியலில் இடம் பெறுமா, இந்நாட்டு ஆலையின் முத்திரையோடு மர்பி டவுன் கடைகளில் விற்பனைக்கு வருமா என்பதை இனிவரும் சில ஆண்டுகளின் செயல்களே முடிவு செய்யும்.